முன்பக்கம் கடகடவென்றால் முதலில் விரலை வைத்துப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல் கார் இருக்கிறது. 1,18,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சின்னக் குழியில் மெதுவாக இறங்கினாலே இடது முன்சக்கரப் பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது. நேரான ரோட்டில் ஸ்டியரிங் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. முன் டயர் இரண்டும் உள் ஓரத்தில் தேய்கின்றன. பட்டறையில் காட்டினேன். "முன்பக்கம் மொத்தமும் போச்சு சார்" என்று சொல்லி, ஷாக், லோயர் ஆர்ம், லிங்க், டை ராட் எண்ட், ஸ்டியரிங் ராக் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய்க்குப் பட்டியல் கொடுத்தார்கள். பிரேக் பேட், இன்ஜின் ஆயில் எல்லாம் நானே மாற்றுகிறவன். ஸ்பானர் செட் இருக்கிறது, சிமென்ட் தரை போட்ட போர்டிகோ இருக்கிறது, துணைக்கு மச்சினன் வருவான். இரண்டு நாள் விடுமுறையில் வீட்டிலேயே மாற்றிவிடலாமா?
— ஓர் ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: பாதி வேலையை நீங்களே செய்யலாம் சார். மீதிப் பாதியில் கை வைக்க வேண்டாம் என்பேன். எந்தப் பாதி எது என்று சொல்வதற்கு முன்னால், அந்த 48,000 ரூபாய் பட்டியலை மடித்து ஓரமாக வையுங்கள். ஐந்து பாகங்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் போவது அபூர்வம். ஒன்றோ இரண்டோ ஆட ஆரம்பிக்கும், மற்றவை சும்மா அழுக்கோடு இருக்கும். அழுக்காக இருப்பதையெல்லாம் 'போச்சு' என்று எழுதுவது பட்டறைக்காரருக்குச் சுலபம், ஏனென்றால் எல்லாவற்றையும் மாற்றினால் சத்தம் நிச்சயம் நிற்கும். எதனால் வந்தது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தப் பட்டியலில் உள்ள ராக், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல்கம்பி. உங்கள் காரில் இருப்பது மின்சார பவர் ஸ்டியரிங். உதவி செய்யும் மோட்டார் டாஷ்போர்டுக்கு அடியில், ஸ்டியரிங் தண்டோடு இருக்கிறது. கீழே இருக்கும் ராக்கில் ஹைட்ராலிக் ஆயில் கிடையாது, கிரீஸ் மட்டும்தான். ஆகவே 'ராக் லீக் ஆகிறது' என்று யாராவது சொன்னால் அது வேறு எங்கிருந்தோ ஒழுகிய ஆயில். ராக்கில் ஆட்டம் வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் ஆடுவது அதன் நுனியில் திருகியிருக்கும் ராக் எண்ட். அதைத் தனியாகவே மாற்றலாம். முழு ராக்கை எழுதியிருப்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் ஒரே முடிச்சாகப் பார்க்காதீர்கள். குழியில் வரும் சத்தம் ஒரு கதை. ஸ்டியரிங் சாய்வதும் டயர் தேய்வதும் இன்னொரு கதை. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஸ்பானரை எடுக்கும் முன் மச்சினனை டிரைவர் சீட்டில் உட்கார வையுங்கள். இன்ஜின் ஓட வேண்டாம், சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். சாவி போட்டு ஸ்டியரிங் லாக்கை மட்டும் விடுவித்து, இடம் வலம் என்று இரண்டு விரல் அகலத்துக்கு ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு டை ராட் எண்டின் (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் வெளி நுனி) மூட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் இருந்தால் காதுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். 'டிக்' என்று ஒரு சின்னத் தட்டு, ரேகையில் உறைக்கும். அப்படியே உள்ளே நகர்ந்து, ராக்கின் ரப்பர் பெல்லோஸை (மடிப்பு மடிப்பான உறையை) அமுக்கிப் பிடியுங்கள். தட்டு அங்கே வந்தால் ராக் எண்ட். இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லாமல், மேலே பெடல் பக்கம் சத்தம் கேட்டால் ஸ்டியரிங் தண்டில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்து வேலை. இதைச் செய்யாமல் பட்டியல் போடுகிறவரை நான் நம்புவதில்லை.

அடுத்து வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதனால் தூக்குவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களுடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. முன்பக்கம் தூக்கிவிட்டால் ஃபர்ஸ்ட் கியரில் போட்டு நிறுத்துவதற்கு அர்த்தமே இல்லை, கியர் பிடித்திருக்கும் சக்கரங்கள்தான் காற்றில் தொங்குகின்றனவே. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும், ஆனால் பதினைந்து பல் இழுத்தால்தான் பிடிக்கிற ஹேண்ட் பிரேக்கை யார் நம்புவது? பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். வண்டியோடு வந்த ஜாக்கி பஞ்சர் பார்க்க மட்டும்தான். ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு வாங்கி, பாடியின் கீழ் மடிப்பில் ஜாக்கி வைக்க என்று குறித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். ஹாலோ பிளாக் விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும். பிறகு சக்கரத்தைக் கழற்றும் வேலை வரும்போது, கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஸ்டாண்டு சரிந்தாலும் உங்கள் மார்புக்கும் வண்டிக்கும் நடுவில் அந்தச் சக்கரம் இருக்கும்.

இப்போது சக்கரத்தை மேலும் கீழும், கடிகாரத்தில் 12-க்கும் 6-க்கும் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் மச்சினனை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். மிதித்தும் நிற்கவில்லை என்றால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழிருந்து வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) பால் ஜாயிண்ட், அதாவது உருண்டை மூட்டு மேல் சந்தேகப்படலாம். உறுதி செய்ய, ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரம் பொருந்தியிருக்கும் இரும்புத் துண்டு) இடையில் ஒரு டயர் லிவரை விட்டு மெதுவாக நெம்புங்கள். நல்ல ஜாயிண்டில் ஏறி இறங்கும் ஆட்டம் இருக்காது. 9-க்கும் 3-க்கும் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட் பக்கத்து ஆட்டம் தெரியும்.

ஷாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாக் வியர்ப்பது வேறு, வடிவது வேறு. கம்பியின் அடியில் லேசாக ஆயில் ஈரமும் தூசியும் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். பாதி உடம்பு வரை ஆயில் வழிந்து மண் அப்பியிருந்தால் அது போய்விட்டது. முன் மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விட்டால் மேலே வந்து அடங்க வேண்டும், தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது.

நீங்கள் சொல்லும் சத்தத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டெபிலைசர் லிங்க்கைத்தான், அதாவது வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டை. மெதுவாகப் போகும்போது, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது கடகட, இரண்டு சக்கரமும் சேர்ந்து ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது சத்தம் குறைவு என்றால் பெரும்பாலும் அதுதான். காரணம் எளிது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படுவதில்லை, லிங்க்குக்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதுதான் கம்பி லிங்க்கைப் பிடித்து இழுக்கிறது. சந்தேகம் தீர வேண்டுமானால் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி எடுத்துவிட்டு, தெருவுக்குள்ளேயே 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சாயும், அதனால் மெயின் ரோடு பக்கம் போக வேண்டாம். சத்தம் மாயமாகிவிட்டதா? உங்கள் 48,000 ரூபாய் பட்டியலில் விலை குறைந்த பொருள்தான் குற்றவாளி.

லிங்க் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை. இரண்டு முன்சக்கரத்தையும் தூக்கித்தான் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும், புது லிங்க் ஓட்டையில் உட்காராது. நட்டைத் திருப்பும்போது உள்ளே தண்டும் சேர்ந்து சுற்றும். அது சுற்றாமல் பிடித்துக்கொள்ள தண்டின் முனையில் ஆலன் கீ குழியோ, பின்னால் ஸ்பானர் பிடிக்கத் தட்டையான இடமோ இருக்கும். உங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், போதாததற்குக் கடல் உப்புக் காற்று வேறு. அதனால் முந்தின நாள் சாயங்காலமே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். காலையில் இன்னொரு தடவை. அவசரப்பட்டு ஆலன் கீ குழியை மழுக்கிவிட்டால், அப்புறம் கிரைண்டரால் அறுப்பதுதான் வழி.

டை ராட் எண்டும் நீங்கள் செய்யலாம். இங்கே இரண்டு இடத்தில் ஆட்கள் வழுக்குகிறார்கள். ஒன்று, நக்கிளிலிருந்து அதைப் பிரிப்பது. தண்டு கூம்பு வடிவத்தில் ஓட்டைக்குள் இறுகியிருக்கும். பலர் மரையின் தலையிலேயே மேல்நோக்கிச் சுத்தியலால் அடிக்கிறார்கள். அது காளான் மாதிரி விரிந்துபோகும், எண்ட் வெளியே வராது. அடிக்க வேண்டியது தண்டை அல்ல, தண்டு உட்கார்ந்திருக்கும் நக்கிளின் காதை. நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலைந்து மரை விட்டு, காதின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் நறுக்கென்று இரண்டு மூன்று அடி. கூம்பு திடீரென்று விடும், நட்டு இருப்பதால் கீழே விழாது. எண்ட் குப்பைக்குப் போகிறது என்றால் பிளவுக் கம்பி (நுனி இரண்டாகப் பிளந்த ஆப்பு) வைத்தும் நெம்பலாம். நல்ல ஜாயிண்டில் அதைப் பயன்படுத்தினால் ரப்பர் கிழியும். புல்லர் (மூட்டை அழுத்திப் பிரிக்கும் கருவி) கிடைத்தால் இந்தச் சண்டையே இல்லை.

இரண்டாவது, நீளம். பழைய எண்டைச் சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று சத்தமாக எண்ணி, சாக்பீஸால் தரையில் எழுதுங்கள். நீங்கள் ஆசிரியர், சாக்பீஸுக்குப் பஞ்சம் இருக்காது. லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் இளக்கி அதே இடத்தில் விட்டுவிட்டால் அது இன்னொரு அடையாளம். புது எண்டை அதே எண்ணிக்கைக்கு ஏற்றுங்கள். ஆனாலும் பழைய எண்டும் புது எண்டும் மயிரிழை வித்தியாசமாக இருக்கும். ஒரே ஒரு சுற்று மாறினாலும் சக்கரத்தின் கோணம் மாறி, டயர் விளிம்பு சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே எண்ணியது, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் சென்டர் வரை ஓட்டிப் போவதற்கு மட்டும்தான்.

நட்டில் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் ஓட்டையில் செருகி மடக்கும் கம்பி) வரும் மாதிரி என்றால் புதுப் பின்தான் போட வேண்டும். ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், இளக்கி அல்ல. பின்னுக்குப் பதிலாக ஆணியை மடக்கிச் செருகியிருந்த வண்டி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்த் திரும்பிய வண்டி அது. உரிமையாளரிடம் அந்த ஆணியைக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

லோயர் ஆர்ம்தான் எல்லைக்கோட்டில் இருக்கிற வேலை. உங்கள் காரில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும். ஜாயிண்டில் ஆட்டம் இருந்தாலோ, ஆர்மின் உள்முனையில் இருக்கும் புஷ் ரப்பர் வெடித்துப் பிளந்திருந்தாலோ ஆர்மை முழுதாக மாற்றிவிடுவது வீட்டில் செய்கிறவருக்கு நல்லது. புஷ்ஷை மட்டும் மாற்ற ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். சுத்தியலும் பைப்புத் துண்டும் வைத்து அடித்து ஏற்றிய புஷ் நேராக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தொடங்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, ஆர்மின் போல்ட்டுகள் வெளியே வர இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்ற வழி தெரியாத போல்ட்டைத் தொடாமல் பட்டறைக்கு விட்டுவிடலாம்.

நக்கிளில் பால் ஜாயிண்ட் தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் போல்ட்டை இளக்கினால் மட்டும் போதாது, முழுதாக உருவி எடுக்க வேண்டும். தண்டின் கழுத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகிறது. போல்ட் உள்ளே இருக்கும்போது எவ்வளவு நெம்பினாலும் வராது. திரும்ப மாட்டும்போதும் அதே கதை. தண்டு முழுதாக ஏறாமல் இருந்தால் போல்ட் நுழைய மறுக்கும். மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள், தண்டை மேலே தள்ளுங்கள். ஆர்மை விடுவித்ததும் நக்கிள் வெளிப்பக்கம் ஆடும். அதை இஷ்டத்துக்கு இழுக்கக் கூடாது. டிரைவ் ஷாஃப்ட் உள் மூட்டு பிரிந்துகொள்ளும், அப்புறம் கியர் பாக்ஸ் பக்கம் புது வேலை. பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயர் இருந்தால் அதிலும் பாரம் விழாமல் கயிற்றால் கட்டி வையுங்கள்.

இனி சொல்லப்போவது, இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்கே காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்மின் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. புஷ் என்பது உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்கும் ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் சட்டத்தோடு பூட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம் ஆர்ம் மேலும் கீழும் அசைவது ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான், குழாய் சுற்றுவதால் அல்ல. சக்கரம் கீழே தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலேயே ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கி நிற்கும். சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் அது முறுக்கிலேயே இருக்கும். ஒரு குழி, ஒரு பிரேக், ரப்பர் கிழிந்துவிடும்.

தொழில் பழகிய புதிதில் இதை நானே தெரியாமல் செய்திருக்கிறேன். புத்தம் புது ஆர்ம், நல்ல கம்பெனிப் பொருள். மூன்றே மாதத்தில் வாடிக்கையாளர் திரும்பி வந்தார், புஷ் இரண்டும் வாய் பிளந்திருந்தன. டூப்ளிகேட் சாமான் போட்டுவிட்டாய் என்றார். நானும் கடைக்காரரைத் திட்டிவிட்டு வேறு ஆர்ம் வாங்கி, மறுபடியும் அதே தப்பைச் செய்தேன். மூன்றாவது தடவை பக்கத்துப் பட்டறைப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "தொங்க விட்டு இறுக்குறியே தம்பி, பாரத்தை ஏத்தி இறுக்கு" என்றார். அவ்வளவுதான் விஷயம். போல்ட்டுகளை முதலில் கைப்பிடி இறுக்கில் விட்டுவிடுங்கள். பிறகு பால் ஜாயிண்டுக்குக் கீழே, கட்டை வைத்து ஜாக்கியால் ஆர்மை மெதுவாக உயர்த்துங்கள், அந்தப் பக்கம் வண்டி ஸ்டாண்டிலிருந்து நூலிழை எழும்பும் வரை. வண்டி தரையில் நிற்பதாகவே அப்போது சஸ்பென்ஷன் நினைத்துக்கொள்ளும். அந்த நிலையில் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். இப்படி இறுக்கும்போது வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், பக்கவாட்டில் உட்கார்ந்தே கை எட்டும்.

டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் இரண்டு நாளைக்கு இரவல் வாங்குங்கள். இந்த வேலையில் குத்துமதிப்பு இறுக்கு வேண்டாம்.

உங்கள் கை போகக் கூடாத இடம் ஷாக். ஷாக்கை ஸ்பிரிங்கோடு சேர்த்து மொத்தமாகக் கழற்றி இறக்குவது வரை செய்யலாம். மேலே நடுவில் இருக்கும் நட்டை மட்டும் தொடாதீர்கள். ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் அந்த ஒரே நட்டில் சிறைப்பட்டிருக்கிறது. நான் வேலை பழகிய பட்டறையில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரின் கொக்கி வழுக்கி, ஸ்பிரிங் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. யார் தலையும் நடுவில் இல்லாதது அன்றைய அதிர்ஷ்டம். கொக்கி போட்டு முறுக்கும் மலிவுக் கம்ப்ரஸரை நம்ப வேண்டாம். கழற்றியதைச் சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்கு ஆட்டோவில் கொண்டுபோனால் ஷாக், மேல் மவுண்ட், பேரிங் மாற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஷாக்கை இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். லிங்க்கும் ஜோடியாக மாற்றுவது நல்லது. டை ராட் எண்ட் ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றினாலும் தப்பில்லை.

பொருள் வாங்கும்போது ஆர்சி புத்தகத்தைக் கையில் கொண்டுபோய்ச் சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். உங்கள் டீசல் இன்ஜின் வண்டி அதே மாடல் பெட்ரோல் வண்டியைவிட ஏறக்குறைய 100 கிலோ கனம், அந்தக் கனம் பெரும்பாலும் மூக்கில்தான். பெட்ரோலுக்கான ஸ்பிரிங்கைத் தெரியாமல் போட்டால் முன்பக்கம் படுத்துவிடும். பழைய பாகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். இடது ஆர்மும் வலது ஆர்மும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

டயர் விஷயம். உள் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் அரம் மாதிரி பிராண்டினால் சக்கரம் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து ஓடுகிறது என்று அர்த்தம். டை ராட் ஆட்டமோ அலைன்மென்ட் தவறியதோ காரணம். பிராண்டாமல் சீராக உள் ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. அப்போது ஆர்ம் புஷ்ஷையும் ஷாக்கைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டையும், பழைய குழி அடி ஏதாவது இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் நேராக அலைன்மென்ட்டுக்குப் போங்கள். புறப்படும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் டயர் இரண்டின் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அச்சு உயரத்தில் முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை டேப்பால் அளங்கள். நடுவில் இன்ஜின் மறைத்தால், டயரிலிருந்து தரைக்குத் தூக்குக் குண்டு விட்டுத் தரையில் குறித்து அளக்கலாம். இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சேரலாம். அரை விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எண்ட் தவறான சுற்றில் நிற்கிறது, மறுபடி எண்ணுங்கள். அலைன்மென்ட் செய்கிறவரிடம் ஸ்டியரிங் நடுவில் நிற்க வேண்டும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சக்கரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பழையபடி சாய்த்தே அனுப்புகிறவர்கள் உண்டு. கழற்றிய உள் ஓரத் தேய்மான டயர்களைப் பின்னுக்கு மாற்றிவிட்டு, கம்பி தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

300 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டு, லிங்க் நட்டு, டை ராட் லாக் நட்டு மூன்றையும் ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். என் ஊகம், உங்களுக்கு ஜோடி லிங்க்கும் ஒரு டை ராட் எண்டும் அலைன்மென்ட்டும் போதும். ஆனால் நான் உங்கள் வண்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை, மச்சினன் ஸ்டியரிங்கை ஆட்டும்போது தட்டு எந்த மூட்டில் வருகிறது என்பதை உங்கள் விரல்தான் சொல்ல வேண்டும். அதை எழுதி அனுப்புங்கள், மிச்சத்தை அடுத்து பார்ப்போம்.